காரிலிருந்து கழற்றிய 12 இன்ச் சப்வூஃபரை ஹோம் தியேட்டரில் சேர்ப்பது எப்படி?

கரூர்காரன்:

வணக்கம் நண்பர்களே. கையில் இருக்கும் சாமான்கள்:

12 இன்ச் கார் சப்வூஃபர், டூயல் வாய்ஸ் காயில் (ஒரே கோனில் இரண்டு காயில்), 4 ஓம் + 4 ஓம், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு) 300 வாட் (அட்டைப்பெட்டியில் 1200 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை). அதோடு வந்த சீல்டு (துளை இல்லாமல் மூடிய) பெட்டி, உள்ளளவு சுமார் 25 லிட்டர். கிளாஸ்-டி மோனோ கார் ஆம்ப் ஒன்று, 14.4 வோல்ட்டில் 2 ஓமுக்கு 400 வாட்.

டேட்டா ஷீட்: எஃப்எஸ் (வூஃபரின் சொந்த ரெசொனன்ஸ்) 28 ஹெர்ட்ஸ், க்யூஇஎஸ் (மின்சார வழித் தணிப்பு) 0.55, க்யூடிஎஸ் (மொத்தத் தணிப்பு) 0.50, விஏஎஸ் (கோனின் ஸ்பிரிங்குக்குச் சமமான காற்று அளவு) 60 லிட்டர், எக்ஸ்மேக்ஸ் (கோன் ஒரு பக்கம் சீராக நகரும் தூரம்) 12 மிமீ.

ஹால் 14க்கு 12 அடி, கான்கிரீட் கூரை. 5.1 ஏவிஆர் (ஆடியோ வீடியோ ரிசீவர்) இருக்கிறது, பின்பக்கம் சப்வூஃபருக்கு ஒரே ஒரு ஆர்சிஏ ப்ரீ-அவுட்.

வூஃபரை ஏவிஆரின் ஸ்பீக்கர் டெர்மினலிலேயே நேராகக் கொடுக்க முடியுமா? முடியாதென்றால் கார் ஆம்புக்கு 12 வோல்ட் எங்கிருந்து எடுப்பது, பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தாங்குமா? பெட்டியை அப்படியே டிவி பக்கத்தில் வைத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?


ஓம்விதி:

நேராகக் கொடுக்க வேண்டாம். ஏவிஆரில் சப் சேனலுக்கு உள்ளே பவர் ஆம்பே கிடையாது. அந்த ஆர்சிஏவில் வருவது ஒன்றிரண்டு வோல்ட் சிக்னல் மட்டும். ஃப்ரண்ட் ஸ்பீக்கர் டெர்மினலில் கூடவே சேர்த்தாலும் தப்பு. இரண்டு காயிலையும் பேரலலில் போட்டால் 2 ஓம். 6 முதல் 8 ஓம் ஸ்பீக்கரை நினைத்துச் செய்த ஏவிஆர் ப்ரொடெக்‌ஷனுக்குப் போகும், அல்லது அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். சீரிஸில் 8 ஓம் ஆக்கினால் ஏவிஆர் தாங்கும், ஆனால் குறைந்த அதிர்வெண்ணைப் பிரித்து அனுப்பும் பாஸ் மேனேஜ்மென்ட் உங்களுக்குக் கிடைக்காது. அப்புறம் எதற்கு சப்?

முதலில் காயில்களைச் சோதியுங்கள். மல்டிமீட்டரில் ஒவ்வொரு காயிலும் 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டினால் அது நல்ல 4 ஓம் காயில். கோனை இரு கையாலும் சமமாக மெல்ல அமுக்கிப் பாருங்கள். சரசரவென்று உரசினால் காயில் கருகியோ கோணியோ இருக்கிறது, மேலே செலவழிக்க வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். அப்போது பேட்டரியின் பிளஸ் தொட்டிருக்கும் முனைதான் காயிலின் பிளஸ். இரண்டு காயிலுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மாறிப் போனால் இரண்டும் எதிரெதிராக இழுத்து, சத்தமே வராமல் காயில் மட்டும் சூடாகும்.

ஒரு காயிலை மட்டும் இணைத்து மற்றதைச் சும்மா விடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் க்யூஇஎஸ் இரண்டு மடங்காகி, தாங்கும் வாட் பாதியாகிவிடும். பெட்டிக் கணக்கு முழுவதும் பிசகும்.

இனி பெட்டி. உங்கள் மூன்று கேள்வியில் இதுதான் முக்கியம், ஆம்ப் அல்ல. கார் கேபின் சின்ன இடம். அதனால் ஏறக்குறைய 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேபினே பாஸைத் தூக்கிக் கொடுக்கும். கார் பெட்டிகளைச் சின்னதாகச் செய்வது இதை நம்பித்தான். உங்கள் ஹாலில் அந்த உதவி 40 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தொடங்கும், அதுவும் கதவு ஜன்னல் மூடியிருந்தால்.

கணக்கைப் பாருங்கள். √(விஏஎஸ் ÷ பெட்டி லிட்டர் + 1) என்ற எண்ணால் க்யூடிஎஸ்ஸைப் பெருக்கினால் பெட்டியோடு சேர்ந்த க்யூ. எஃப்எஸ்ஸைப் பெருக்கினால் பெட்டியோடு சேர்ந்த ரெசொனன்ஸ்.

25 லிட்டரில்: √(60 ÷ 25 + 1) = 1.84. க்யூ 0.92, ரெசொனன்ஸ் 52 ஹெர்ட்ஸ்.
60 லிட்டரில்: √(60 ÷ 60 + 1) = 1.41. க்யூ 0.707, ரெசொனன்ஸ் 39.6 ஹெர்ட்ஸ். க்யூ 0.707ஐத் தாண்டினால்தான் வீக்கம், அதனால் 60 லிட்டர் செய்யுங்கள்.

சீல்டு பெட்டியில் ரெசொனன்ஸுக்குக் கீழே ஆக்டேவுக்கு 12 டெசிபல் விழும். அதாவது இப்போதைய பெட்டியில் 80 ஹெர்ட்ஸ் பக்கம் லேசான வீக்கம், 30 ஹெர்ட்ஸில் சுமார் 9 டெசிபல் குறைவு. இதோடு உங்கள் ஹாலையும் சேருங்கள். 14 அடி நீளத்துக்கு முதல் ரூம் மோடு (சுவர்களுக்கிடையே ஒலி தேங்கி வீங்கும் அதிர்வெண்) 40 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். பெட்டி விழத் தொடங்கும் இடத்தில் அறை வீங்குகிறது. எல்லா வெடிச் சத்தமும் ஒரே ஸ்வரத்தில் ‘டொம் டொம்’ என்று கேட்பது இதனால்தான். ஆம்பை மாற்றினாலும் இது போகாது.


மரத்தூள்:

பெட்டி வேலைய நான் சொல்றேன். ஓம்விதி சொன்ன 60 லிட்டர் சுத்தமான காற்று இடம். வூஃபரோட முதுகு 3 லிட்டர், உள்ள குறுக்குக் கட்டை 3 லிட்டர்னு வச்சா மொத்தம் 66 லிட்டர் வேணும். உள்ளளவு 40.5 செமீ கனசதுரம் பண்ணுங்க, 66.4 லிட்டர் வரும்.

18 மிமீ எம்டிஎஃப், கடையிலயே மெஷின்ல வெட்டி வாங்குங்க. கை ரம்பத்துல வெட்டினா இடுக்கு விழும், சீல்டு பெட்டிக்கு அது எமன்.

441 × 441 மிமீ மூணு பலகை. முன் பக்கம் ரெண்டு ஒட்டி 36 மிமீ, பின் பக்கம் ஒண்ணு. மேல் கீழுக்கு 441 × 405 ரெண்டு. பக்கவாட்டுக்கு 405 × 405 ரெண்டு. ஆக ஏழு. எட்டடிக்கு நாலடி ஷீட் ஒண்ணு போதும், மீதி துண்டுல குறுக்குக் கட்டை எடுத்துக்கலாம்.

கட் அவுட் விட்டத்தை டேட்டா ஷீட்ட நம்பி வெட்டாதீங்க. வூஃபரைக் கையில வச்சு அளந்துட்டு 2 மிமீ கூட வச்சு ரௌட்டர்ல வெட்டுங்க. எம்டிஎஃப்ல மர ஸ்க்ரூ போட்டா ரெண்டு தடவை கழட்டி மாட்டினதுமே பிடி விட்டுரும். உள் பக்கம் டி-நட் (மரத்துல பதியற பல்லு வச்ச நட்) வச்சு போல்ட்ல முடுக்குங்க. வூஃபர் ஃப்ரேமுக்குக் கீழ ஃபோம் டேப் ஒரு சுத்து.

ஒட்டுறதுக்கு மரப்பசையே போதும், ஆனா கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விடணும். காஞ்சதும் உள் மூலை எல்லாத்துலயும் சிலிகான். இங்க ஒரு எச்சரிக்கை: புளிச்ச வினிகர் வாசம் வர்ற சிலிகான்னா ரெண்டு நாள் திறந்து வச்சு வாசம் போனப்புறம்தான் வூஃபரை மாட்டணும். அந்த ஆவி டெர்மினல், காயில் கம்பி எல்லாத்தையும் அரிக்கும்.

உள்ள தலகாணிப் பஞ்சு, பாலியெஸ்டர்தான், இலவம்பஞ்சு வேண்டாம். 600லருந்து 900 கிராம், அமுக்காம உதிர்த்துப் போடுங்க. பெட்டி கொஞ்சம் பெருசான மாதிரி நடந்துக்கும்.

கனசதுரம் கூடாது, நிலை அலை வரும்னு யாராவது வருவாங்க. 40 செமீ இடைவெளிக்கு முதல் நிலை அலை 420 ஹெர்ட்ஸுக்கு மேல. சப் பாடுறது 80, மிஞ்சினா 120 வரைக்கும். கவலையே வேண்டாம்.

காத்து ஒழுகுதான்னு பாக்க: வூஃபரை மாட்டி கோனை மெதுவா உள்ள தள்ளி விடுங்க. சோம்பலாத் திரும்பி வந்தா நல்ல பெட்டி. டக்னு வந்தா எங்கயோ ஓட்டை. பெரும்பாலும் டெர்மினல் கப்தான்.


ஐந்தாம்கியர்:

சீல்டு எதுக்கு ப்ரோ, போர்ட்டட் (குழாய் வச்ச பெட்டி) போட்டா அதே ஆம்புக்கு இன்னும் கீழ போகுமே? 80 லிட்டர், 25 ஹெர்ட்ஸ் ட்யூனிங் (குழாய் ஒத்து அதிர்ற அதிர்வெண்).


ஓம்விதி:

போகும். ஆனால் இந்த வூஃபருக்கு அல்ல. எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் வகுங்கள்: 28 ÷ 0.55 = 51. இந்த எண் 50 பக்கம் இருந்தால் சீல்டு, 90, 100 பக்கம் இருந்தால் போர்ட்டட் என்பது பழைய கைக்கணக்கு. க்யூடிஎஸ் 0.50 உள்ள வூஃபரை அந்த அளவு பெட்டியில் போர்ட்டோடு போட்டால் ட்யூனிங்குக்கு மேலே வீங்கும்.

குழாய்க் கணக்கும் இடிக்கிறது. நீளம் செமீயில் = 23562.5 × விட்டம்² ÷ (ட்யூனிங்² × லிட்டர்) − 0.732 × விட்டம். 110 மிமீ பிவிசி பைப்பின் உள்விட்டம் 10.4 செமீ என்று வைத்தால் 43 செமீ நீளம். இது பெட்டிக்குள் அடங்கும், ஆனால் எக்ஸ்மேக்ஸ் 12 மிமீ உள்ள 12 இன்ச் கோன் தள்ளும் காற்றுக்கு ஒரு குழாய் போதாது, சத்தம் கூட்டினால் புஸ் புஸ் என்று மூச்சு விடும். இரண்டு குழாய் போட்டால் ஒவ்வொன்றும் 94 செமீ ஆகிவிடும். எல்போ போட்டு மடிக்க வேண்டும். அப்போது பெட்டியின் லிட்டரையும் குழாயே தின்றுவிடும்.

இன்னொன்று: போர்ட்டட் பெட்டியில் ட்யூனிங்குக்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் போய்விடும். சினிமா ட்ராக்கில் 15 ஹெர்ட்ஸ் சமாச்சாரம் வந்தால் காயில் பின்பலகையில் போய் இடிக்கும். 20 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ், அதாவது சப்சானிக் ஃபில்டர், கட்டாயம். வேறு வூஃபர் வைத்திருப்பவர்கள் இந்தச் சூத்திரத்தில் தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கலாம்.


ரெட்பிளக்:

பவர் விஷயம்.

உங்கள் ஆம்ப் ரெகுலேட் செய்யாத வகை என்றால் 14.4 வோல்ட்டில் 400 வாட் தருவது 12 வோல்ட்டில் (12 ÷ 14.4)², அதாவது 69 சதவீதம், சுமார் 280 வாட் தரும். வூஃபர் 300 வாட். பொருத்தமாகவே இருக்கிறது. கிளாஸ்-டி திறன் 80 சதவீதம் என்று வைத்தால் உள்ளே போவது 350 வாட், 29 ஆம்பியர். எல்இடி போர்டுகளுக்கு விற்கும் 12 வோல்ட் 30 ஆம்பியர், 360 வாட் எஸ்எம்பிஎஸ் சரியான அளவு. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் சாதாரணமாகக் கிடைக்கும். ஸ்டிக்கரை நம்பாமல் எடையைப் பாருங்கள், அதே அளவில் மிக லேசாக இருந்தால் 30 ஆம்பியர் வராது.

வயரிங்கில் வழக்கமாக நடக்கும் தப்பு: அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் பிளஸுக்கு மூன்று ஸ்க்ரூ, மைனஸுக்கு மூன்று ஸ்க்ரூ இருக்கும். 30 ஆம்பியரை ஒரே ஸ்க்ரூவில் இழுத்தால் டெர்மினல் உருகும். மூன்றையும் சேர்த்து எடுங்கள். 1 மீட்டருக்குள் இருந்தால் 6 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், நடுவில் 30 ஆம்பியர் ஃப்யூஸ். வூஃபருக்கு 2.5 ஸ்கொயர். 230 வோல்ட் டெர்மினல்கள் திறந்து கிடக்கும். மூடி போட்ட பெட்டிக்குள் வையுங்கள், எர்த் கட்டாயம் கொடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதில் சமரசமே இல்லை.

ஆம்பில் ஆர்இஎம் என்றிருக்கும் டெர்மினலுக்கு 12 வோல்ட் போனால்தான் ஆன் ஆகும். ஏவிஆரில் 12 வோல்ட் ட்ரிக்கர் அவுட் இருந்தால் அதை இங்கே கொடுங்கள், ஏவிஆரோடு சேர்ந்தே எரிந்து அணையும். இல்லையென்றால் பிளஸிலிருந்து ஒரு சின்ன ஸ்விட்ச்.

கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்: பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஆன் ஆகும், உண்மை. ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனில் 30 ஆம்பியர் இருக்கிறதா பாருங்கள். பழைய யூனிட்டுகளில் 5 வோல்ட்டில் லோடு இல்லாமல் 12 வோல்ட்டை மட்டும் இழுத்தால் வோல்டேஜ் தளரும், வெடிச் சத்தம் வரும் நேரத்தில் சரியாக அணையும். அதோடு அதன் மைனஸ் எர்த்தோடு இணைந்தது. ஹம் வர வழி செய்கிறது. இலவசமாகக் கிடைத்தால் சோதிக்கலாம், வாங்க வேண்டாம்.

இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸைப் பேரலலில் போடாதீர்கள். சுமையைச் சமமாகப் பங்கிடாது.


ஐந்தாம்கியர்:

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரில இருந்து எடுத்தா? இல்ல கார்ல போடுற 1 ஃபாரட் கெபாசிட்டர் சேர்த்தா எஸ்எம்பிஎஸ் சின்னதா போதாதா?


ரெட்பிளக்:

பேட்டரி வேண்டாம். ட்யூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், ஹாலில் வைக்கும் பொருள் இல்லை. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர். சார்ஜர் ஓடும்போது ரிப்பிளும் ஸ்பீக்கரில் கேட்கும்.

1 ஃபாரட்: 30 ஆம்பியர் இழுத்தால் 33 மில்லி செகண்டில் 1 வோல்ட் இறங்கிவிடும். அது 30 ஹெர்ட்ஸின் ஒரே ஒரு சுற்று. சினிமா இடி மூன்று விநாடி உருளும். மேலும் காலியான கெபாசிட்டரை ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது ஷார்ட் மாதிரி, டிக் டிக் என்று அணைந்து எரிந்துகொண்டே இருக்கும். போட்டே தீருவேன் என்றால் முதலில் ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பைத் தொடரில் வைத்து சார்ஜ் செய்துவிட்டு இணைக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும்.

கார் ஆம்ப் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி: டிபிஏ3255 (கிளாஸ்-டி ஆம்ப் சிப்) ஸ்டீரியோ போர்டு, 36 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ். டூயல் 4 ஓம் வூஃபர் என்பதால் லெஃப்ட் சேனலை ஒரு காயிலுக்கும் ரைட்டை மற்ற காயிலுக்கும் கொடுங்கள். இன்புட்டில் ஒய் கேபிள் போட்டு இரண்டுக்கும் ஒரே சிக்னல். சேனலுக்கு 36² ÷ 8 = 162 வாட், மொத்தம் 324. நடைமுறையில் 300ஐ ஒட்டி வரும். ஒரே நிபந்தனை: இது பிரிட்ஜ் அவுட்புட், மைனஸ் என்று எழுதியிருப்பது கிரவுண்ட் இல்லை. இரண்டு காயிலின் மைனஸையும் ஒன்று சேர்த்தால் போர்டு போய்விடும்.


கரூர்காரன்:

ரொம்ப நன்றி. எம்டிஎஃப் வெட்டி 60 லிட்டர் பெட்டி, 12 வோல்ட் 30 ஆம்பியர், காயில் பேரலலில் 2 ஓம் என்று முடிந்தது. இரண்டு சந்தேகம்: ஆம்பில் லோ-பாஸ், பாஸ் பூஸ்ட், கெயின் எங்கே வைப்பது? சிக்னல் இல்லாதபோதும் ‘ம்ம்ம்’ என்று ஹம் வருகிறது.


ஓம்விதி:

பாஸ் பூஸ்ட் பூஜ்யம். அது பொதுவாக 45 ஹெர்ட்ஸ் சுற்றிலும் தூக்கும், உங்கள் ரூம் மோடு இருக்கும் அதே இடம். லோ-பாஸை முழுவதும் மேலே வையுங்கள், பைபாஸ் இருந்தால் அது. வடிகட்டுவது ஏவிஆரின் வேலை. ஏவிஆர் மெனுவில் ஸ்பீக்கர் எல்லாம் ஸ்மால் (அவற்றின் பாஸ் சப்புக்குப் போகும்), கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், எல்எஃப்இ (படத்தின் தனி பாஸ் சேனல்) 120. இரண்டு இடத்திலும் வடிகட்டினால் 80 பக்கம் குழி விழும். ஆம்பின் சப்சானிக் ஃபில்டர் 20 ஹெர்ட்ஸில் இருக்கட்டும்.

கெயின்: வூஃபரைக் கழற்றிவிட்டு, 40 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஏவிஆரை நீங்கள் எப்போதும் கேட்கும் உச்ச வால்யூமில் வைத்து, ஆம்ப் அவுட்புட்டை ஏசி வோல்ட்டில் அளந்து கெயினைக் கூட்டுங்கள். 20 வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். 2 ஓமுக்கு 200 வாட். 280க்குக் கீழே இடம் விட்டது எஸ்எம்பிஎஸ் தளர்வதற்கு. அணைத்துவிட்டு வூஃபரை மாட்டி ஏவிஆரின் ஆட்டோ காலிபரேஷன் ஓட்டுங்கள். சப் லெவல் மைனஸ் கடைசிவரை போய் நின்றால் கெயின் அதிகம், குறைத்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். சப்பின் தூரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்தாதீர்கள். ஆம்பின் ஃபில்டர்கள் உண்டாக்கும் தாமதத்தை அது அப்படித்தான் ஈடுகட்டுகிறது.

இடம் தேர்வு: சப்பை நீங்கள் உட்காரும் சோபாவில் தூக்கி வைத்து பாஸ் ஓடவிட்டு, வைக்கச் சாத்தியமுள்ள மூலைகளில் எல்லாம் குனிந்து காது கொடுங்கள். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

பிறகு கீழே இறங்க வேண்டும் என்றால் மினிடிஎஸ்பி (சிக்னலைத் திருத்தும் டிஜிட்டல் கருவி) போன்ற ஒன்றில் லிங்க்விட்ஸ் ட்ரான்ஸ்ஃபார்ம், அதாவது பெட்டியின் ரெசொனன்ஸையும் க்யூவையும் மாற்றியது போல நடக்க வைக்கும் ஃபில்டர். 39.6 ஹெர்ட்ஸ், க்யூ 0.707 இருப்பதை 25 ஹெர்ட்ஸ், க்யூ 0.707 ஆக்கக் கேட்டால் அடியில் 8 டெசிபல் பூஸ்ட், அதாவது ஆறு மடங்கு வாட். எக்ஸ்மேக்ஸ் 12 மிமீ வைத்து 12 இன்ச் கோன் 20 ஹெர்ட்ஸில் தரக்கூடியது 1 மீட்டரில் 96 டெசிபல் அளவுதான். 40 ஹெர்ட்ஸில் 108. இந்த எல்லையை எந்த ஆம்பும் தாண்டாது, அதனால் 18 ஹெர்ட்ஸ் ஹை-பாஸும் லிமிட்டரும் சேர்த்தே போடுங்கள்.


ரெட்பிளக்:

ஹம். ஆர்சிஏவை ஆம்ப் பக்கம் உருவுங்கள். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த் வழிகளுக்கு இடையே ஓடும் கரண்ட். பிறகு ஆர்சிஏவை மாட்டிவிட்டு செட்-டாப் பாக்ஸின் கேபிள் அல்லது டிஷ் வயரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். மொட்டைமாடியில் இருந்து வரும் அந்த வயரின் ஷீல்டு வேறொரு எர்த்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அப்படியென்றால் அந்த வயருக்குத்தான் ஐசொலேட்டர் போட வேண்டும், சப் ஆர்சிஏவுக்கு அல்ல. ஆர்சிஏவில் போடும் மலிவு ஐசொலேட்டருக்குள் இருக்கும் குட்டி ட்ரான்ஸ்ஃபார்மர் 40, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இவ்வளவு பெட்டி செய்து அதைத் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகும்.

கேபிளைக் கழற்றியும் நிற்கவில்லை என்றால் ஏவிஆர், டிவி, எஸ்எம்பிஎஸ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் மைனஸுக்கும் எர்த்துக்கும் கண்டினியூட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்இடி எஸ்எம்பிஎஸ்ஸில் பொதுவாக இருக்காது. இருந்தால், ஆம்பின் இரும்பு உடல் வேறெங்காவது எர்த் உலோகத்தைத் தொடுகிறதா என்று தேடுங்கள்.

எர்த் பின்னை வெட்டினால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போகும்தான், ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் லீக் வந்தால் 230 வோல்ட் அதன் உடம்பிலும் ஆம்பிலும் நிற்கும்.


மரத்தூள்:

ஒண்ணு விட்டுப்போச்சு. கார் வூஃபரோட கோன் ஓரத்து ஃபோம் நம்ம ஊர் ஈரத்துலயும் சூட்டிலயும் உதிர்ந்து போயிருக்கும், பழசுன்னா விரலால தொட்டுப் பாருங்க. பொடி வந்தா ஃபோம் மட்டும் தனியா வாங்கி ஒட்டலாம். ரப்பர் ஓரமா இருந்தா இந்தப் பேச்சே இல்ல. முன்பக்கம் கிரில் மறக்காதீங்க, வீட்டுக்கு வர்ற பொடுசுங்க டஸ்ட் கேப்பைத்தான் முதல்ல குத்தும்.